கப்புக்குள் கறுப்பாகத் தெரிவது என்ன?

சேலம் அம்மாபேட்டையில் குழித்தறி நெய்கிற ஒருவரை எனக்கு நெடுநாள் பழக்கம். போன மாதம் டீக்கடையில் பார்த்தபோது கைப்பேசியை எடுத்து இரண்டு படங்கள் காட்டினார். முதல் படத்தில் அவருடைய முதுகு. இடுப்புக்குச் சற்று மேலே எட்டு பிளாஸ்டிக் கப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது படத்தில் கழற்றி வைத்த ஒரு கப். அதற்குள் கறுஞ்சிவப்பில், கருப்பட்டிப் பாகு இறுகியது போல ஒரு கட்டி.

"பாருங்க, எவ்வளவு கெட்ட ரத்தம்! இத்தனை நாளா இதைச் சுமந்துக்கிட்டுத்தான் தறியில உட்கார்ந்திருக்கேன்" என்றார். வலி? "பாதி குறைஞ்சிடுச்சுங்க."

பொய் சொல்லும் மனிதர் இல்லை. வலி குறைந்தது உண்மை. கப்பில் கறுப்பாக ஏதோ இருந்ததும் உண்மை. ஆனால் அந்தக் கறுப்பு வெளியே போனதால்தான் வலி குறைந்தது என்று இரண்டையும் முடிச்சுப் போடுகிறோமே, அங்கேதான் சிக்கல்.

சேலத்தில் இப்போது இந்த வைத்தியத்துக்கான பலகைகளை அங்கங்கே பார்க்கலாம். ஒன்றில் 'ஹிஜாமா' என்றிருக்கும், இன்னொன்றில் 'கப்பிங் தெரபி' என்றிருக்கும். இதில் இரண்டு வகை உண்டு. தோலைக் கீறாமல் கப்பை மட்டும் வைத்து உறிஞ்சவிடுவது உலர் முறை. சிறிது நேரம் உறிஞ்சவிட்டு, கப்பை எடுத்து, தோலின் மேல்பரப்பில் பிளேடால் பொடிப்பொடியாகக் கீறி, மறுபடி கப்பை வைத்து ரத்தம் எடுப்பது ஈர முறை. அரபுச் சொல்லான ஹிஜாமா இரண்டையும் குறிக்கும் என்றாலும் நம் ஊரில் பெரும்பாலும் ரத்தம் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பலனிலும் ஆபத்திலும் இரண்டும் வேறு வேறு.

கப் எப்படி ஒட்டுகிறது என்பதை நான் பாட்டியிடம்தான் முதலில் பார்த்தேன். குழந்தைக்குத் திருஷ்டி கழிக்க ஒரு தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் வைப்பார். செம்புக்குள் எரிகிற துணித் திரியைப் போட்டு, குழந்தையைச் சுற்றி, தண்ணீரில் கவிழ்ப்பார். 'குபுக்' என்று சத்தம் வரும். தாம்பாளத்துத் தண்ணீர் மொத்தமும் செம்புக்குள் ஏறிவிடும். செம்பைத் தூக்கினால் தாம்பாளமும் சேர்ந்து வரும். "எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாரு, எப்படி இழுக்குது" என்பார் பாட்டி. வீட்டில் யாருக்குச் சுற்றினாலும் அது அதே இழுப்புதான் இழுக்கும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: நெருப்பு ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது, அதனால் வெற்றிடம். அது அரைகுறை விளக்கம். தீயின் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. கவிழ்த்ததும் தீ அணைகிறது, மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே இருக்கும் காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. இழுப்பது செம்பு அல்ல, தள்ளுவது வெளிக்காற்று. முதுகில் வைத்த கப்பிலும் இதே கதைதான், தண்ணீருக்குப் பதில் தோலும் சதையும். இப்போது தீக்குப் பதிலாக, துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிவிடுகிறார்கள். தீக்காயப் பயம் இல்லாததால் அது எவ்வளவோ மேல்.

வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது. ஐந்து செ.மீ. விட்டமுள்ள கப்பின் வாய் கிட்டத்தட்ட 20 சதுர செ.மீ. உள்ளே அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே ஆறேழு கிலோ விசை தோலை மேலே தூக்கும். (வேடிக்கைக்காக ஒரு கணக்கு: சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் பாட்டியின் செம்பை ஏற்காட்டில் கவிழ்த்தால் எட்டில் ஒரு பங்கு குறைவாகத்தான் இழுக்கும். மலையில் கண்ணேறு குறைவு என்று யாரும் சொல்லிவிடாமல் இருந்தால் சரி.)

அந்தத் தாம்பாளத்துத் தண்ணீர் ஏன் சிவப்பு? மஞ்சளில் உள்ள குர்குமின் சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டதும் சிவந்துபோகிறது. தனித்தனியாக இரண்டிலும் அந்தச் சிவப்பு இல்லை, கலக்கும்போது உண்டாகிறது. கப்பிங்கில் பார்க்கும் நிறங்களுக்கும் இந்த மாதிரிதான் அர்த்தம் தேட வேண்டும் என்பது என் கட்சி. அந்த நிறத்தைச் செய்முறைதான் உண்டாக்குகிறது. நாம் அதை நோயின் நிறம் என்று வாசிக்கிறோம்.

முதலில் உலர் கப்பிங் விட்டுச்செல்லும் வட்டங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் ஊதா வட்டங்களைப் பார்த்துத்தான் உலகத்தில் பாதிப் பேருக்கு இந்த வைத்தியமே தெரிய வந்தது. 'வட்டம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு நச்சு' என்று சிகிச்சை செய்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் உறிஞ்சலின் வேகத்தில் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, சில வெடித்து, ரத்த அணுக்கள் சதைக்குள் கசிகின்றன. அதாவது அது ஒரு கன்றிப்போன காயம். பம்பை இரண்டு தடவை கூடுதலாக அழுத்தினால் கூடுதலாகக் கறுக்கும், ஐந்து நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் வைத்தாலும் கறுக்கும். அப்புறம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு வாரம் பத்து நாளில் மறையும். கதவில் இடித்துக்கொண்ட முழங்கையில் நிறம் எப்படி மாறுமோ அதே வரிசை. நச்சு வெளியேறியதாகச் சொல்கிற இடத்தில் எதுவும் வெளியேறவே இல்லை. கசிந்த ரத்தத்தை உடம்புதான் மறுபடி உள்ளே இழுத்துச் செரித்துக்கொள்கிறது.

அடுத்தது தறிக்காரர் காட்டிய கட்டி. 'கெட்ட ரத்தம்' என்ற எண்ணம் சும்மா வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஒரு பெரிய பரம்பரை இருக்கிறது.

சுசுருத சம்ஹிதை ரத்தம் வெளியேற்றுவதற்குப் பசுவின் கொம்பு, சுரைக்குடுக்கை, அட்டை மூன்றையும் சொல்கிறது. வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை. சுரைக்குடுக்கைக்குள் விளக்கை ஏற்றி வைப்பதும் அதில் உண்டு, அதாவது பாட்டியின் செம்பு. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகியவை இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள 'கொம்பு கட்டல்' என்பதைச் சிலர் இதோடு சேர்த்துப் பேசுவதுண்டு. அது முறிந்த எலும்பை அசையாமல் பத்தை வைத்துக் கட்டுவது, வேறு சங்கதி. எகிப்து, கிரேக்கம், சீனம் எங்கும் குப்பியோ கொம்போ இருந்தது. அரபு மருத்துவத்தில் அதுவே ஹிஜாமா. தேன், ஹிஜாமா, சூடு போடுதல் என்ற மூன்றில் நிவாரணம் இருப்பதாக நபிமொழி உண்டு, சூடு போடுவதை அதே நபிமொழி தவிர்க்கச் சொல்கிறது. பிறை மாதத்தின் 17, 19, 21 ஆகிய நாட்களில் ஹிஜாமா நிலையங்களில் கூட்டம் இருப்பதற்கும் நபிமொழிதான் காரணம். வழிபாட்டு உணர்வோடு செய்துகொள்பவருக்கு அது அவருடைய நம்பிக்கை, அதில் நான் வாதாட வரவில்லை. இங்கே பேசுவது மருத்துவமாகச் சொல்லப்படும் விளக்கத்தைப் பற்றி மட்டும்.

ஒரு சுவையான செய்தி: ஹிஜாமா செய்பவரை அரபியில் 'ஹஜ்ஜாம்' என்பார்கள். அதே சொல் உருதுவிலும் இந்தியிலும் முடிதிருத்துபவருக்குப் பெயரானது. கத்தி யார் கையில் இருந்ததோ அவர்தான் கீறினார், கட்டு போட்டார். தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயரும், அந்த வீட்டுப் பெண்களுக்கு மருத்துவச்சி என்ற பெயரும் வந்ததும் இந்த வழிதான். அரபு வைத்தியரின் பெயர் உருதுவிலும் இந்தியிலும் முடிதிருத்துபவரிடம் தங்கிவிட்டது. தமிழில் முடிதிருத்தியவரின் பெயரைப் பட்டப்படிப்பு படித்தவர் வாங்கிக்கொண்டார்.

சரி, கெட்ட ரத்தத்துக்கு வருவோம். கிரேக்க மருத்துவர் கேலன் காலத்து உடலியலில் ரத்தம் சுற்றிவருவதில்லை. கல்லீரலில் உற்பத்தியாகி, வாய்க்கால் தண்ணீர் வயலில் பாய்வது போல உறுப்புகளுக்குப் பாய்ந்து, அங்கேயே செலவாகிவிடும். பாய்கிற தண்ணீர் கடைமடையில் தேங்கும், தேங்கினால் நாறும். ஆக, தேங்கிய இடத்தில் திறந்துவிட வேண்டும். ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்ற நான்கு சாரங்களின் சமநிலை என்பது இதோடு சேர்ந்த கோட்பாடு. யுனானி மருத்துவத்தின் பெயரே 'கிரேக்க' என்ற பொருள் கொண்டது, அந்தக் கோட்பாடு அரபு வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து அறிவுக்கு இது முட்டாள்தனம் இல்லை. ஒன்றோடொன்று நன்றாகவே பொருந்துகிறது.

1628-ல் வில்லியம் ஹார்வி, இதயம் ரத்தத்தை உடல் முழுக்கச் சுற்றவிடுகிறது என்று காட்டினார். அதோடு கடைமடைக் கணக்கு முடிந்தது. ஓய்வில் இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. உடலில் இருக்கும் மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதுகில் இப்போது இருக்கிற ரத்தம் ஒரு நிமிடம் கழித்து நுரையீரலிலோ காலிலோ இருக்கும். தறிக்காரரின் இடுப்பில் 'இத்தனை நாளாகத்' தேங்கிக் கிடக்க அதற்கு இடம் ஏது? கழிவை அரிப்பதற்குச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. கழிவு முதுகுத் தோலில் வந்து வரிசையில் நிற்பதில்லை.

அப்படியானால் ஏன் அவ்வளவு கறுப்பு, ஏன் கட்டி? லேபில் சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது குழாய்க்குள் விழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதுவும் கறுஞ்சிவப்புதான். ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ரத்தத்தின் நிறம் அது. தோலின் நுண்குழாய்களிலிருந்து மெல்லக் கசிந்து, காற்றுக் குறைந்த கப்புக்குள் நிற்கும் ரத்தம் அந்த நிறத்தில்தான் இருக்கும். ஐந்து பத்து நிமிடம் நின்றால் உறையும். 'நல்ல ரத்தம் உறையாது, கெட்டது மட்டுந்தான் அல்வா மாதிரி வரும்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். நேர்மாறு. ரத்தம் உறையாவிட்டால்தான் பயப்பட வேண்டும், ஹீமோபிலியாக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். யாருடைய முதுகில் கீறி எடுத்தாலும், ஒலிம்பிக் வீரரின் முதுகாகவே இருந்தாலும், கப்பில் இதே கட்டிதான் இருக்கும்.

ரத்தம் உண்மையிலேயே தேங்குகிற இடங்களும் உண்டு. துண்டான விரலை ஒட்டவைத்த பிறகு தமனி வேலை செய்து, சிரை இன்னும் இணையாமல் இருந்தால், உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் விரல் நீலம் பாயும். அங்கே அறுவை மருத்துவர்கள் இன்றும் அட்டை விடுகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் அதற்கு அனுமதி கொடுத்தது. சிவப்பணு அளவுக்கு மீறிப் பெருகும் பாலிசைதீமியா, இரும்புச்சத்து உடலில் குவியும் ஒரு பரம்பரை நோய், இவற்றுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஊசி வழியாக ரத்தம் இறக்குகிறார்கள். எந்த நோய்க்கு, எவ்வளவு, எந்த அளவு வந்ததும் நிறுத்துவது என்ற கணக்கு அங்கே இருக்கிறது. இடுப்பு வலி, சர்க்கரை, குழந்தையின்மை, முடி உதிர்தல் எல்லாவற்றுக்கும் ஒரே எட்டு கப்பு என்றால், அங்கே என்ன கணக்கு?

கணக்கு என்றதும் பாரிஸ் மருத்துவர் பியர் லூயி நினைவுக்கு வருகிறார். ஐரோப்பாவில் நிமோனியாவுக்கு ரத்தம் எடுப்பது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வழக்கமாக இருந்த காலம். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, எண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான். 77 நோயாளிகளில் முதல் நான்கு நாட்களுக்குள் ரத்தம் எடுக்கப்பட்டவர்களே அதிகம் பேர் இறந்திருந்தார்கள். அந்தக் கணக்கை 1835-ல் புத்தகமாக வெளியிட்டார். ஆயிரம் ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை என்றாலும், விழத் தொடங்கியது.

இனி வலி குறைந்த சங்கதி. இதில் கப்புக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. குழித்தறியில் காலைப் பள்ளத்தில் தொங்கவிட்டு, குனிந்தபடி நாள் முழுக்க நாடா ஓட்டுபவரின் இடுப்புத் தசைகள் இறுகிப்போகின்றன. அந்தத் தோலையும் சதையையும் ஆறேழு கிலோ விசையில் மேலே தூக்கும்போது அங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது, இறுக்கம் கொஞ்சம் தளர்கிறது. இன்னொரு காரணமும் சொல்வார்கள். முழங்காலை இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்க்கிறோம் இல்லையா? தொடுகையின் சமிக்ஞை வலியின் சமிக்ஞையைத் தண்டுவடத்திலேயே ஓரளவு மறிக்கிறது. மெல்சாக், வால் இருவரும் 1965-ல் முன்வைத்த 'வாயில் கோட்பாடு' இதைத்தான் சொல்கிறது. கப் வைப்பதும் ஒருவகைப் பலமான தேய்ப்பு. அத்தோடு ஒரு மணி நேரம் தறியை விட்டு எழுந்துவந்து குப்புறப் படுத்திருக்கிறார், ஒருவர் அக்கறையாகக் குறை கேட்டிருக்கிறார். இதெல்லாமும் மருந்துதான்.

இதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி? ஆராய்ச்சியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பார்க்க அசல் போலவே இருக்கும், ஆனால் காற்றுப் புகச் சிறு ஓட்டை போட்ட போலிக் கப். உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 141 பேரிடம் ஜெர்மனியில் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அசல் கப் வைத்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் ஓட்டைக் கப் வைத்தவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு முன், 2012-ல் 135 சோதனைகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, அக்கி, முகவாதம், கழுத்து எலும்புத் தேய்வு போன்ற சிலவற்றில் மற்ற சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் இருக்கக்கூடும் என்றது. கூடவே, அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை சரியாக நடத்தப்படாதவை என்றும் சொன்னது. விளம்பரக்காரர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள்.

இடுப்பு வலி தானாகவே ஏறி இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாங்கவே முடியாத அன்றுதான் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். உச்சத்திலிருந்து அது எப்படியும் இறங்கத்தான் போகிறது. கடைசியாக யாரிடம் போனோமோ அவருக்குப் பேர்.

ஆக, தசை வலிக்கு உலர் கப்பிங் வைத்துக்கொள்கிறேன் என்பவரை நான் தடுக்க மாட்டேன். ஒத்தடம், தைலம் வரிசையில் அதுவும் ஒன்று. கீறி ரத்தம் எடுக்கும்போதுதான் கவலை. அதிலும் சோர்வு, தலைசுற்றல் என்று சொல்லிக்கொண்டு போகும் பெண்களை நினைத்தால் இன்னும் கவலை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஒரு மி.லி. ரத்தத்தில் அரை மி.கி. இரும்பு இருக்கிறது. 50 மி.லி. போனால் 25 மி.கி. நாம் சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வது ஒன்றிரண்டு மி.கி. மட்டுமே. சோர்வுக்குக் காரணமே ரத்தக் குறைவாக இருக்க, அதற்கு வைத்தியமாக ரத்தத்தை எடுத்தால், இரண்டு மூன்று வாரச் சாப்பாட்டின் இரும்பு அந்தக் கப்பில் போகிறது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள், வார்ஃபாரின் எடுப்பவர்கள் (மூன்றுமே ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள்), கர்ப்பிணிகள், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவர்கள் பிளேடு பக்கமே போகக் கூடாது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: அந்த நோய்க்குக் கீறிய இடத்தில் புதிதாகப் படரும் குணம் உண்டு. 'தோல் நோய்களுக்கு' என்ற விளம்பரம் பார்த்துப் போய், முதுகில் வரிசையாகப் புதுத் திட்டுகளோடு திரும்ப நேரலாம். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். பிளேடைப் புதிதாகப் பிரித்தாலும், கப்பையும் பம்பின் முனையையும் வெறுமனே கழுவித் துடைத்து அடுத்தவருக்கு வைத்தால் போதும், ஆபத்துக்கு.

யார் செய்யலாம் என்பதற்கும் பதில் இருக்கிறது. யுனானி ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு. சென்னை அரும்பாக்கத்தில் 1979-லிருந்து அரசு யுனானி மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஹிஜாமா அங்கே பாடத்தில் உண்டு, யாருக்குச் செய்யக் கூடாது என்ற பட்டியலோடு. படித்துப் பதிவு பெற்றவர் ஹீமோகுளோபின் கேட்பார், மாத்திரைச் சீட்டைக் கேட்பார். கேட்காதவரிடம் முதுகைக் காட்டாமல் எழுந்து வந்துவிடலாம். சர்க்கரை, பக்கவாதம், ரத்த அழுத்தம், உடல் பருமன், பெண்களின் மலட்டுத்தன்மை ஆகியவற்றைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் ஒரு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுச் சுவரொட்டிகளைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது.

தறிக்காரரிடம் இவ்வளவும் சொல்லவில்லை, டீ ஆறிவிடும். ஹீமோகுளோபின் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் கேக்கல. ஆனா கப்பு புதுசுங்க, என் பேர்லயே எழுதிக் குடுத்துட்டாங்க" என்றார். எட்டு கப்பும் அவர் வீட்டில் ஒரு கேரி பையில் கட்டி, பரண்மேல் இருக்கின்றனவாம். ரத்தம் பட்ட சாமான் மருத்துவக் கழிவு, 2016-ஆம் ஆண்டு விதிப்படி அதைச் சிகிச்சை நிலையம்தான் தனியாகப் பிரித்து அனுப்ப வேண்டும், வீட்டுக் குப்பையில் போட்டால் காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் கையில்தான் படும் என்றேன். அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

"கேட்டேங்க. அடுத்த தடவை வரும்போது கழுவி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க."